பாதி மாத்திரை

அந்த அக்காவுக்கு எதையும் முழுதாகச் சாப்பிடத் தெரியாது. ரொட்டியைக் கையில் எடுத்தால் முதல் வேலை அதை இரண்டாகப் பிய்ப்பது. பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு பாதி அவர்களுக்கு. ஆள் இல்லாவிட்டால் அந்தப் பாதியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே மற்றப் பாதியைச் சாப்பிடுவாள். கல்யாணம் முடித்து நான் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மறுநாள் காலை எனக்குக் கிடைத்த சாப்பாடும் அப்படி ஒரு பாதிதான். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாது. அந்தச் சுவருக்கு மேலாக ஒரு கை நீண்டது. கையில் பாதி ரொட்டியும் அதன்மேல் கொஞ்சம் தேங்காய்ச் சம்பலும்.

"புதுப்பொண்ணு, இந்தாங்க புடிங்க. ஸ்டூல் ஆடுது, விழுந்துருவேன்."

முகம் தெரியவில்லை. குரல் மட்டும் எங்கள் வீட்டுக்குள் தாராளமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஒரு சிங்கள முதலாளியின் துணிக்கடையில் வேலை செய்ததால், சிங்களம் எனக்கு விளையாட்டோடு விளையாட்டாக வந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில், டயகம பஸ் போகிற ரோட்டில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கொழுந்து பறிக்கிற கை எனக்கு வாய்க்கவில்லை. கொஞ்சம் படித்தவள் என்பதால் பிள்ளைக்காம்பராவில் வேலை கொடுத்தார்கள். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போனபிறகு அவர்களுடைய சின்னப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அந்தத் தாய்மார் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அக்கா அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகளை வட்டகொடைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். குள்ள உருவம், பெரிய தொண்டை. அவள் இரகசியம் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

நல்லவள் என்று ஒரு வார்த்தையில் அவளைச் சொல்லி முடித்துவிட முடியாது. பெரிய தொந்தரவு. அவள் தன்னுடையதை மட்டும் பங்கு போட்டிருந்தால் யாருக்கு என்ன? நம்முடையதையும் சேர்த்துப் பங்கு போட்டுவிடுவாள். என் கல்யாணச் சீரில் வந்த புதுக் குடையை ஒருநாள் காணவில்லை. தேடிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனால், "மேல் லயத்துக் கிழவிக்குக் குடுத்தேன். ஒனக்குக் காம்பராவுக்குள்ளதான வேல? மழ ஒன்னையா நனைக்குது?" என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. குடை கம்பி வளைந்து திரும்பி வந்தது. அதோடு பாதிப் பூசணிக்காயும் வந்தது. பூசணிக்காய்க்காக நான் பேசினேன் என்று அவள் லயம் முழுக்கச் சொல்லிவைத்தாள்.

தோட்டத்தில் எதைக் கொடுத்தாலும் வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டுத்தான் கொடுப்பார்கள். அரிசியோ தேயிலைத்தூளோ, அப்படித்தான். எப்படிக் கூப்பிட்டாலும் யாராவது ஒருவர் பேர் விட்டுப்போகும். விட்டுப்போனது போனதுதான், கேட்டால் அடுத்த முறை பார்க்கலாம் என்பார்கள். அதனால் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேர் விட்டுப்போன வீட்டுக்கு மற்ற வீடுகள் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி எடுத்துப் போடும். யாரும் யாரையும் கேட்பதில்லை. வாசலில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டால் போதும், நிறைந்துவிடும்.

மற்றவர்கள் ஒரு பிடி போடுவார்கள். அக்கா பாதியைக் கொடுப்பாள். ஒரு குளிர்காலத்தில் கம்பளி கொடுத்தார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டுக்குப் பேர் விட்டுப்போயிற்று. அரிசியைப் பிடி போடலாம், கம்பளியை என்ன செய்வது என்று எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டோம். அக்கா தன் கம்பளியை எடுத்து, தேயிலைச் செடியை ஒட்ட வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் நடுவில் அறுத்துவிட்டாள். அரைக் கம்பளி யாருக்குப் போதும்? அவள் கால் வெளியே, அந்த வீட்டுக்காரியின் கால் வெளியே. "ஒருத்தராவது சூடா தூங்கியிருக்கலாம். இப்ப ரெண்டு பேருமே நடுங்குறீங்க" என்று என் புருஷன் கேலி பண்ணினார்.

"நடுங்குனா சேந்துதான நடுங்குறோம். ஒனக்கென்ன?" என்றாள்.

மலையிலும் அதே கதைதான். சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர் போட்டுவிடுவார்கள், அரைநாள் சம்பளம்தான். பிள்ளைத்தாய்ச்சியோ காய்ச்சல்காரியோ கொழுந்து குறைந்து நிற்கும்போது, நிறுவைக்குப் போகிற வழியில் அக்கா தன் கூடையிலிருந்து அள்ளி அவர்கள் கூடையில் போட்டுக்கொண்டே நடப்பாள். கணக்கப்பிள்ளை இரண்டு தரம் பிடித்து ஏசியிருக்கிறார். "ஐயா, காத்துல பறந்து போய் விழுந்திருச்சிங்க" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். காற்றில் பறக்கிற கனமா ஈரக்கொழுந்து? அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

பேர் விட்டுப்போவதைப் பற்றி அவளுக்கு ஏன் அத்தனை உறுத்தல் என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அவள் குமரியாக இருந்தபோது அவளுடைய அப்பா அம்மா, அண்ணன் எல்லாரும் இந்தியாவுக்குப் போனார்கள். அரசாங்கம் திருப்பி அனுப்பியவர்களின் பட்டியலில் இவள் பேர் மட்டும் விட்டுப்போயிற்று. பிறகு கூப்பிடுவார்கள் என்று சொன்னார்களாம். தலைமன்னாருக்கு ரயில் ஏறியவர்களை ஹட்டன் ஸ்டேஷனில் நின்று அனுப்பிவிட்டு, மாமா வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. "அம்மா ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே போச்சு புள்ள" என்றாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. போர் நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்து வாத்தியார்மார் லீவுக்கு ரோட்டு வழியாக வீட்டுக்குப் போய்வரத் தொடங்கிய காலம். லயத்துக்குக் கீழே இருந்த பீலியில் தண்ணீர் எந்நேரமும் ஊற்றிக்கொண்டிருக்கும். பெண்கள் அங்கேதான் குளிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கை வழுக்கி அக்குள் பக்கம் போனபோது மார்போரத்தில் ஏதோ தட்டுப்பட்டது. கல் மாதிரி இருந்தது.

"இது எத்தன நாளாக்கா இருக்கு?"

"பொங்கலுக்கு முந்தியே இருந்துச்சு. வலிக்கல. வலிக்காதத எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். காய்ச்சலுக்கும் கால் வலிக்கும் கொடுக்கிற அதே வெள்ளை மாத்திரை கிடைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் லீவு சொல்லிவிட்டு, அவளைக் கண்டிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிங்களம் பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் அதற்குப் பிறகு எல்லாக் கிளினிக்குக்கும் நான்தான் துணை. மார்பை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுலயும் பாதிதானா எனக்கு" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்ததில் அவளுடைய தையல் வலித்து அவள் அழுதாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்தபிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். சிங்களப் பெண், தலை நரைக்கத் தொடங்கியவர், வாசலில் நூறு பேர் நின்றாலும் அவசரப்படமாட்டார். அக்காவுக்கு ஒரு மாத்திரை. தினமும் ஒன்று, ஐந்து வருஷம், ஒருநாளும் தவறக்கூடாது. அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொன்னார். பெண்கள் உடம்பில் ஊறுகிற ஒரு ஹார்மோன் இருக்கிறது. அக்காவின் கட்டியிலும், வெட்டியபிறகு உடம்பில் எங்காவது தங்கியிருக்கக்கூடிய அதன் செல்களிலும் அது வந்து உட்கார ஓர் இடம் இருக்கிறது. ரிசெப்டர் என்று பேர். ஹார்மோன் அதில் உட்கார்ந்தால் செல்லுக்கு வளரச் சொல்லிக் கட்டளை போகும். இந்த மாத்திரை முந்திக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஹார்மோன் வந்து பார்த்துவிட்டு நிற்கவேண்டியதுதான்.

திரும்பி வருகிற வழியில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றோம்.

"டாக்டரம்மா அம்புட்டு நேரம் என்னா புள்ள சொன்னாங்க?"

எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் டயகம பஸ் உள்ளே வந்தது. இறங்குகிறவர்கள் இறங்குவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் குடையும் பறந்தன. எங்களுக்கெல்லாம் அக்காவே பல வருஷம் அப்படி இடம் பிடித்துக் கொடுத்தவள்தான். தலைத்துணியை இரண்டு சீட்டுக்குச் சேர்த்து விரித்துப் போட்டுவிட்டு, முடியாதவர்களை உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே வருவாள்.

"அந்தா பாருங்க. துண்டு போட்டுச் சீட்டுப் புடிக்கிறாங்கல்ல? மாத்திரை அந்த வேலையத்தான் செய்யிது. ஒங்க கட்டிக்குள்ள சீட்டு இருக்கு. கெட்டது வந்து ஒக்காருறதுக்கு முந்தி இது போயி துண்டப் போட்டுரும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப இந்த மாத்திரை நம்ம ஆளு!"

பிற்காலத்தில் என் மகள் தாதியர் பயிற்சிக்குப் போனபோது இந்தக் கதையின் மிச்சத்தைச் சொன்னாள். நூறு வருஷத்துக்கு முந்தியே, சூல்பையை எடுத்துவிட்டால் சில பெண்களுக்கு மார்புக் கட்டி சுருங்குவதை டாக்டர்மார் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குச் சுருங்கியது, சிலருக்கு அசையவே இல்லை. வியாதி ஒன்று, வெட்டும் ஒன்று, பலன் மட்டும் வேறு. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. பல காலம் கழித்துத்தான் செல்லுக்குள் ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்கிற அந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். டாக்டரம்மா சொன்ன ரிசெப்டர்தான் அது, எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்கு ‘வாங்கி’ என்று பெயர். வாங்கி இருந்த கட்டிகள்தான் சுருங்கியிருக்கின்றன. மாத்திரையும்கூட முதலில் கருத்தடைக்கென்று தேடப்போய், அதற்கு உதவாமல் மூலையில் கிடந்ததாம். யாரோ ஒருவர் விடாப்பிடியாக நின்று அதை இந்த வியாதிக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

மகள் பூரித்துப்போய்ச் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்த ஒன்று. கடல் தாண்டி, கண்டி தாண்டி, ஹட்டன் பஸ்ஸில் ஏறி, எங்கள் லயத்து வாசல் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. யாருக்கு அது பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பது வரைக்கும் சரியாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படி வந்தது அக்காவின் வாய்க்குள் மட்டும் முழுதாகப் போகவில்லையே.

முதல் வருஷம் அவள் ஒழுங்காகத்தான் முழுங்கினாள். அதன் பிறகு கீழ் லயத்துச் செல்வமணிக்கு அதே வியாதி வந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. மூத்தது பள்ளிக்கூடம் போகிறது, சின்னவள் என்னுடைய பிள்ளைக்காம்பராவில் தவழ்கிறாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அக்காவுக்கு வந்த அதே இடத்தில் அதே மாதிரிக் கட்டி. அதே டாக்டரம்மா. நான்தான் துணை. வெட்டினார்கள், சோதனைக்கு அனுப்பினார்கள். செல்வமணியின் கட்டியில் அந்த ரிசெப்டர் இல்லை என்று வந்தது. அதனால் அந்த மாத்திரை கிடையாது. ஊசி மருந்து மட்டும்தான். முடி கொட்டி, வாய் புண்ணாகி, அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

லயத்தில் கதை வேறு மாதிரிப் போயிற்று. ஒரே வியாதிக்கு ஒருத்திக்கு மாத்திரை கொடுத்துவிட்டு ஒருத்திக்கு ஏன் கொடுக்கவில்லை? டிஸ்பென்சரியில் எந்த வியாதிக்கும் எல்லாருக்கும் ஒரே மாத்திரை வாங்கிப் பழகியவர்களுக்கு இது அடியோடு பிடிபடவில்லை. "பேர் விட்டுப் போயிருக்கும்" என்றார்கள். "நம்ம ஆளுகளுக்கு எங்கதான் விட்டுப்போகல?" என்றார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய்த் தொண்டை வறளச் சொன்னேன். அக்காவுக்குத் தனியாக, ஆற அமர உட்கார்ந்து சொன்னேன்.

"ஒங்களுக்குச் சீட்டு இருக்கு, துண்டு போடலாம். செல்வமணிக்கு உள்ள சீட்டே இல்லக்கா. துண்ட எங்க போடுறது? அந்த மாத்திரைய நூறு முழுங்குனாலும் அவளுக்கு ஒன்னும் செய்யாது."

"சீட்டே இல்லாத பஸ்ஸா?" என்றாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "சரி" என்றாள்.

அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு காலையில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. செல்வமணி குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போவாள். ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவாள். இரண்டு பேரும் ஒரே வியாதிக்காரர்கள், பேசி ஆறுதல்படட்டும் என்று எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. ஊசி மருந்து முடிந்து செல்வமணிக்கு முடி திரும்ப முளைத்தது. அக்கா அந்தத் தலையைத் தடவித் தடவி, "கவ்வாத்து வெட்டுன மலை மாதிரி துளிர்க்குது பாரு" என்று எல்லாருக்கும் காட்டினாள்.

ஒரு வருஷம் அப்படி ஓடியது. பிறகு செல்வமணிக்கு இருமல் வந்தது. நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள். கடைசி நாட்களில் சாயங்காலம் சின்னவளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் காட்டப் போவேன். மூச்சு வாங்க, விட்டுவிட்டுத்தான் பேசுவாள். அப்படி ஒருநாள் சொன்னாள்.

"டீச்சர், அக்கா மேல ஒரு கொறையும் இல்ல. மொதல்ல பாதிப் பாதியாத் தந்தாங்க. இருமல் வந்த பொறகு முழுசாவே தந்தாங்க. எனக்குத்தான் கேக்கல."

"என்னா தந்தாங்க?"

"மாத்திரை."

குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு எழுந்தேன். எங்கள் லயத்துக்கு எப்படி ஏறினேன் என்று ஞாபகமில்லை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே இடுப்பில் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கூடை தூக்குகிற இடுப்பு, பிடிக்காதா என்று நாங்களும் தைலம் கொடுத்திருந்தோம். அந்தத் தேய்க்கிற கையைப் பார்த்ததும் அது வெறும் பிடிப்பு இல்லை என்று எனக்குப் பட்டது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். பைத்தியக்காரி என்றேன். உங்கள் உயிரைப் பிய்த்துப் பிய்த்துக் குப்பையில் போட்டிருக்கிறீர்கள் என்றேன். லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள் அன்றைக்கு, "மெதுவா, மெதுவா. அவளுக்குக் கேட்டுறப் போகுது" என்று மட்டும் சொன்னாள்.

செல்வமணி அந்த வாரமே போய்விட்டாள். காரியம் முடிந்ததும் அக்காவைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு எலும்பில் பரவியிருந்தது. புது மருந்து கொடுத்தார்கள். அவளுடைய மகள் வட்டகொடையிலிருந்து வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அடுத்த வருஷ மழைக்கு முன்னால் அக்கா இறந்துபோனாள். தோட்டத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளை குழிமேட்டில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம் மட்டும் அடங்காமல் கிடந்தது. இப்போது யோசித்தால் அதுவும் அழுகைதான் போலிருக்கிறது.

ஆனால் எனக்கு அவளை நினைத்தால் சாவு வீடு ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்தக் கிளினிக் அறைதான் வருகிறது.

டாக்டரம்மா எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாத்திரை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டார். நான் நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் படத்தை மெதுவாக மேசையில் வைத்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. அக்காவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பேசினார். ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் சிலசமயம் திரும்பி வருவதுண்டு, அதனால் மாத்திரையை விட்டதால்தான் இது வந்தது என்று என்னால் சொல்ல முடியாது என்றார். ஆனால் எடுத்திருந்தால் தடுத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றார். அந்தப் பெண்ணுக்கு அது எள்ளளவும் உதவியிருக்காது என்பதை இவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், நாளைக்கு இன்னொருத்திக்குக் கொடுத்துவிடக் கூடாது என்றார்.

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கடைசியையும் விடவில்லை.

"அவளுக்கு அது ஒன்னுமே செய்யலக்கா. அவளுக்குள்ள அதுக்குச் சீட்டு இல்ல. நான் அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் வெளங்கிக்கல."

"வெளங்குச்சு" என்றாள் அக்கா.

நான் அவளையே பார்த்தேன்.

"அன்னைக்கே வெளங்குச்சு புள்ள. நீ நல்லாத்தான் சொன்ன. எனக்குச் சீட்டு இருக்கு, அவளுக்கு இல்ல. இதுல வெளங்காம இருக்க என்னா இருக்கு?"

"பொறகு எதுக்குக்கா குடுத்தீங்க?"

"காலையில வந்து நிப்பா. நான் மாத்திரைய எடுக்குறதையே பாத்துக்கிட்டு நிப்பா. தாங்கன்னு ஒரு வார்த்த கேக்கமாட்டா. பேர் கூப்புட்டு முடிஞ்ச பொறகும் எடத்த விட்டு நகராம நிப்பாங்கல்ல, அந்த மூஞ்சி. ஒனக்குக் கெடையாதுன்னு அந்த மூஞ்சியப் பாத்து நான் எப்புடிச் சொல்லுவேன்?"

எனக்கு விட மனசு வரவில்லை. "டிஸ்பென்சரி மாத்திரை ஒன்னக் குடுத்திருக்கலாமே. அதுவும் வெள்ளதான. ஒங்களோடத நீங்க முழுங்கியிருக்கலாமே."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. என்னைப் பற்றிக் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

"சாகப்போற புள்ளைய ஏமாத்தச் சொல்றியா?"

"மொகத கியன்னே?" என்றார் டாக்டரம்மா. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

எத்தனை வருஷமாக அந்த அறையில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். செல்லுக்குள் இருப்பதைக்கூடச் சொல்லிவிட்டேன். இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"இனிமேல் ஒழுங்காக எடுப்பாராம், டாக்டர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் புது மருந்தை எழுதத் தொடங்கினார். அக்கா என் பக்கம் சாய்ந்து, அவளுக்குத் தெரிந்த மெதுவான குரலில், வெளியே வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்கும்படி கேட்டாள்.

"என்னா புள்ள சொன்ன?"

"இனிமே முழுசா முழுங்குவீங்கன்னு சொன்னேன்."

"சொன்னாச் சரி" என்றாள். "இனி யாரு வந்து நிக்கப்போறா?"